அவர் பொறுக்கிய அரிசி

வெள்ளிக்கிழமை, ஆடி, 1959. தென்காசி.

எனக்குக் கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அரிசியில் கல் பொறுக்குவது என் வீட்டுக்காரர் வேலையாகிவிட்டது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருக்கிற பார்வை நிற்கும் என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். அது மட்டும் இவர் காதில் ஏறவில்லை. "நீ எதுக்குக் கண்ணைப் போட்டு வருத்துத?" என்று அரிசிச் சுளகைப் பிடுங்கிக்கொள்வார். தினமும் சோற்றில் கல். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அவருக்குப் பெரிய கல்லாக அகப்பட்டது. "ஏட்டி, என்னத்தப் பொங்கி வச்சிருக்க?" என்று கத்தினார். கண் நோய் என்றதிலிருந்து அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை; இந்தக் கத்தலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"பொறுக்கினது நீங்கதான்" என்றேன். சிரித்துவிட்டார்.

சாயங்காலம் சுளகு என் மடிக்கு வந்தது. ராத்திரி இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். கல் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லை. சொட்டு மருந்தை மட்டும் அவரே போட்டுவிட்டார்.