ஆறாறாகப் பிரித்தது

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்து மேகம் இறங்கியே இருக்கிறது. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் எதிர் லைன் வீடுகள் தெரியவில்லை. சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான். குடையோடு போய் உட்கார்ந்தேன். போன் 61%. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குந்தா மின்நிலையத்திலிருந்து போகும் கம்பிகள் எங்கள் தலைக்கு மேலேதான் போகின்றன.

செய்ய வேண்டியவை: அம்மாவுக்குத் தைலம். அரிசியில் கல் பொறுக்க. அணி.

ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் போட்டி. என்னோடு பி.ஏ. படித்த போஜன் வேலை செய்யும் மொபைல் கடையின் மாடியில். போனில் ஜந்துகளை மோதவிடும் விளையாட்டு. ஆளுக்கு ஆறு. ஆறும் அடிக்கிறவையாக இருந்தால் தோற்போம். ஆறும் தாங்குகிறவையாக இருந்தாலும் தோற்போம். ஒன்றுக்கு நெருப்பு ஆகாது என்றால், நெருப்பு ஆகிற இன்னொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். எம்.ஏ. முடித்து வந்த எட்டு மாதத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை இந்த ஆறு.

இப்போதைக்கு:

ராசாத்தி - கல். தாங்கும்.
செல்லம்மா - மின்சாரம். வேகம்.
மேரி - நெருப்பு. ஒரே அடி.
லெச்சுமி - செடி. எதிரியைத் தூங்க வைக்கும்.
பார்வதி - பறவை. அவசரத்துக்கு.
பாக்கியம் - நீர். மெதுவு. அடிக்காது. தன் உயிரில் பாதியை அடுத்து இறங்குகிறவருக்கு விட்டுவிட்டு வெளியேறும்.

பெயர் நாமே வைத்துக்கொள்ளலாம். எங்கள் லைன் பெண்களின் பெயர்களை வைத்தேன். ராசாத்தி, அம்மா. பாக்கியம், பக்கத்து வீட்டு பாக்கியக்கா. அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. இப்போது யாராவது எட்டிப் பார்த்தால் திரையை மூடுகிறேன்.

அவர்கள் மழையில் கொழுந்து பறிக்கிறார்கள். நான் குடைக்குள் அவர்களை மோதவிடுகிறேன். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில், மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். வீட்டில் மூன்று பேர். உட்கார்ந்திருப்பது நான் மட்டும்.

ஜூன் 10, புதன்

தூறல். அரிசியில் கல் பொறுக்கியாயிற்று. தைலம் வாங்கவில்லை.

என் அணியைப் பார்த்துவிட்டு போஜன் கூப்பிட்டான். வேகம் போதாது என்றான். "அது என்ன பாக்கியம்னு ஒண்ணு சும்மா நிக்குது? ஒரு அடி அடிக்கல. தூக்கு அத."

கடைசி இருபது ஆட்டங்களைப் பார்த்தேன். பாக்கியம் கொடுத்த அடி, பூஜ்யம். தூக்கினேன். பதிலுக்குப் பனி வகையில் ஒன்று, வேகமானது. பெயர் எதுவும் தோன்றவில்லை. என் பெயரையே வைத்தேன். நித்யா. பத்தில் எட்டு வெற்றி.

போஜனின் அப்பா இந்த மாதம் தன் சொந்தத் தோட்டத்தில் தேயிலை பறிக்கவேயில்லையாம். ஏலத்தில் போன வாரச் சரக்கே பாதி நிற்கிறது. பறித்தால் நஷ்டம், விட்டால் செடி மரமாகிறது. அதையும் அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

சாயங்காலம் பாக்கியக்கா ரொட்டியும், தேங்காயும் மிளகாயும் இடித்த இடிசம்பலும் கொண்டுவந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து அவர் வீட்டோடு வந்த பக்குவம். எனக்கும் தனக்கும் முழு ரொட்டி. அம்மாவுடையதை மட்டும் பிய்த்துப் பிய்த்து வைத்தார். பாசம்.

"என்னா புள்ள, எந்நேரமும் போனு. மாப்பிள்ளையா?"

திரையை மூடினேன். திரையில் இருந்தது அவர் பெயர். அணியிலிருந்து தூக்கிய பிறகும் விளையாட்டின் சேமிப்புப் பெட்டியில் இருக்கும்.

ஜூன் 11, வியாழன்

மழை. சிவராஜ் அண்ணன் வந்தார், எங்கள் டிவிஷன் சூப்பர்வைசர். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பேசினார்.

ஃபேக்டரி இனி வாரத்தில் மூன்று நாள்தான். கையால் பறிப்பதை நிறுத்தி எல்லாருக்கும் கொழுந்து வெட்டும் கத்தரி தரப்போகிறார்கள். ஆளுக்கு ஒரு எடை என்பது இனி இல்லை. கேங்குக்கு ஒரே எடை. நல்ல கையெல்லாம் ஒரே கேங்கில் போய்விட்டால் சண்டை வரும் என்று பயப்படுகிறார்.

"மூணு கேங் அம்மணி. மூணும் சமமா வரோணும். நான் பிரிச்சா வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பேச்சு வரும். நீ படிச்ச புள்ள. போட்டுக் குடு, மேனேஜருக்குக் காமிக்கோணும்."

இரண்டு மாத எடைத் தாளைக் கொடுத்தார். பத்தொன்பது பெயர்கள். நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அம்மாவிடமும்.

சமமான அணி. எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை முதன்முறையாக ஒருவர் வந்து கேட்கிறார். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்: சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 12, வெள்ளி

அரை மணி நேரம் வெயில். தொட்டி மேட்டில் துணி உலர்த்தினேன். அணிகள் முடிந்தன. ஒரு அணிக்கு ஆறு.

முறை: எடையில் முதல் மூன்று பேர் மூன்று அணிக்குத் தலை. அடுத்த மூவர் தலைகீழ் வரிசையில். மூட்டு வலிக்காரர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் கால் உறுதியானவர் ஒருவர். மேரியும் செல்லம்மாவும் பேசிக்கொள்வதில்லை, ஆகவே தனித்தனி. செங்குத்தான சரிவில் இறங்கத் தயங்காதவர்கள் அணிக்கு இருவர். நான்கு முறை மாற்றிப் போட்டதும் மூன்று அணியின் மொத்த எடையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. இவ்வளவு அழகாக எதையும் எழுதியதில்லை. ஆய்வேட்டைக்கூட.

அம்மா மூன்றாவது இடம். மூன்றாம் அணிக்கு அவள்தான் தலை. ஆச்சரியம். பெருமை. தினமும் தோளுக்குத் தைலம் கேட்கிறவள்.

மூவாறு பதினெட்டு. ஒருவர் மிச்சம்.

கடைசிப் பெயர் பாக்கியம். மற்றவர்கள் பறிப்பதில் பாதிகூட இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தாள் முழுவதும். கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லை. பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புதன்கிழமையே பழகிவிட்ட விரல். கீழே 'மிச்சம்: 1 - பாக்கியம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

சிவராஜ் அண்ணனிடமிருந்து பதிலாக ஒரு கட்டைவிரல் படம்.

ஜூன் 13, சனி

பெரட்டில் பெயர் வாசித்திருக்கிறார்கள். காலையில் ஆள் கூப்பிட்டு யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடும் இடம். நான் அங்கே போவதில்லை. பதினொரு மணிக்கே அம்மா வந்துவிட்டாள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

பதினெட்டுப் பேர் முடிந்ததும் தாளை மடித்துவிட்டார்களாம். பாக்கியக்கா கூடையோடு நின்றுகொண்டே இருந்தாராம். வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். எஸ்டேட் வேலை இல்லாதவர் லைன் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் போக வேறு ஊர் இல்லை.

"எவனோ குந்திக்கிட்டு எடையப் பாத்து எழுதியிருக்கான்" என்றாள் அம்மா.

பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினாள். மடக்கிக் காட்டினாள். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. கார்த்திகையிலிருந்து இப்படித்தானாம். எனக்குத் தெரியக் கூடாது என்று தோள் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"கூடை மாத்திக்கிட்டோம். நிறுவைக்குப் போறப்ப அக்கா கூடைய நான் தூக்கிக்குவேன், எங்கூடைய அக்கா தூக்கிக்கும். எம்பேருல கொறைஞ்சா நிறுத்திப்புடுவாங்கன்னு அதுதான் சொல்லிச்சி. எம்பேருக்கு நேரா இருக்கறதெல்லாம் அதோட கொழுந்து புள்ள."

அப்போது பார்த்து கரண்ட் வந்தது. மூலையில் போன் சார்ஜ் ஏறும் சத்தம். என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அம்மா அதைப் பார்த்தாள்.

டிவிஷனின் மூன்றாவது நல்ல கையை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

ரொட்டியைப் பிய்த்து வைத்தது பாசம் இல்லை. பாசம்தான். ஆனால் நான் எழுதிய அர்த்தத்தில் இல்லை.

எவனோ அல்ல, நான். சொல்லவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

போனேன். போகாமல் இருக்கலாம் என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள். "கத்தரியில வெட்டுனா தூளா வரும், குச்சிதானுங்க வரும்." "விக்காத தூளுக்குக் குச்சி எவ்வளவோ மேலுங்க, அடுப்பாச்சும் எரியும்." இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கும் வெட்கம்.

கடை மாடியில் பதினொரு பேர். பெண் நான் மட்டும். தோற்க வேண்டும் என்று இருந்தது. தோற்றால் ஏதோ ஒன்று நேராகிவிடும் போல. தோற்கவில்லை. பாக்கியம் இல்லாத அணி மிக நன்றாக ஆடியது. இரண்டாம் ஆட்டத்தில் நித்யா தனியாக நான்கை வீழ்த்தினாள். கடைசி ஆட்டத்தில் எதிரே இருந்தவன் பெயர்களைப் படித்துப் படித்துச் சிரித்தான். "ராசாத்தி சாஞ்சிருச்சு டோய்" என்றான். சாய்ந்தாள். மேரி இறங்குவதற்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாய்ந்தாள். திட்டப்படி.

முதல் பரிசு, ஒரு பவர் பேங்க்.

"நான்தான் சொன்னேன்ல, அதத் தூக்குன்னு" என்றான் போஜன். அவனிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கடைக்கு ஆள் வந்தது. உடைந்த டிஸ்ப்ளே.

விளையாட்டில் நான் செய்தது சரி. அதுதான் பயமாக இருக்கிறது. முறையில் தப்பில்லை, தாளில் இருந்த எண்கள்தான் பொய் என்று பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக அமைந்தது. நன்றாக அமைந்ததாலேயே சந்தேகம்.

பவர் பேங்க்கை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். பாக்கியக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

ஜூன் 15, திங்கள்

விடாத மழை. நிறுவைக் கொட்டகைக்குப் போய் சிவராஜ் அண்ணனைப் பார்த்தேன். ஆறு பேருக்குப் பதில் ஏழு பேர் என்று ஒரே ஒரு கேங் மட்டும் வைக்க மேனேஜரிடம் கேட்கக் கூடாதா என்றேன்.

"ஆறுன்னு நான் எங்க அம்மணி சொன்னேன்? மூணு கேங்குன்னுதான சொன்னேன். நீதான் ஆறாறாப் போட்டு, ஒண்ணு மிச்சம்னு எழுதியிருந்த. மேனேஜர் பாத்தாரு. மிச்சம்னா நிறுத்தீருன்னுட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. படித்த பெண், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டாராம். புதன்கிழமை கத்தரி வந்து இறங்குகிறது. அதற்குள் மனு கொடுத்தால் மேனேஜர் மேசையில் வைக்கிறேன், நடக்குமா என்று தெரியாது என்றார்.

வீட்டுக்கு வந்து 11-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து. மூன்று கேங். சமமாக. ஆறு எங்கேயும் இல்லை. ஆறு அடுத்த நாள் பக்கத்தில் இருக்கிறது. 'ஒரு அணிக்கு ஆறு.' யாரும் கேட்காமல், ஒரு நொடிகூட நிற்காமல் நானே எழுதியது. அணி என்றால் ஆறு. எட்டு மாதமாக வேறு எண்ணைப் பார்க்கவில்லை.

ஏழு, ஆறு, ஆறு. பத்தொன்பது. ஒன்றாம் வகுப்புக் கூட்டல்.

எண்கள் பொய் என்ற நேற்றைய வாக்கியத்தை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். அதை எழுதியதும் நான்தான் என்று பிறகு படிக்கும்போது எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் 16, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், கையால் பறிக்கும் கடைசி நாள். பத்து மணிக்கு பாக்கியக்கா வந்தார். கையில் நான்கு வெள்ளைத் தாள், ஒரு புதுப் பேனா. மனு எழுத வேண்டும். ஒரே நிபந்தனை: கூடை மாற்றியதை எழுதக் கூடாது. அம்மாவின் பேர் போய்விடும்.

'மதிப்பிற்குரிய ஐயா' வரை எழுதினேன். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னேன். அந்தப் பட்டியலை எழுதியது நான்.

அவர் சுவரில் சாய்ந்தார்.

"தெரியும் புள்ள. சிவராஜு நேத்தே சொல்லிட்டாரு. எழுதுனவளுக்குத்தான எங்கிட்டு அடிச்சி எழுதணும்னு தெரியும். அதான் வந்தேன்."

பிறகு கேட்டார். "ஏன் ஆறு?"

போனைத் திறந்து, முதன்முறையாக, திரையை அவர் பக்கம் திருப்பினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். மேரி. லெச்சுமி. செல்லம்மா. பார்வதி. ஒவ்வொரு ஜந்தின் மூஞ்சியையும் பார்த்துவிட்டுப் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"நான் எங்க?"

பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"வெளியிலயா?"

"ஆமாக்கா."

"ஒங்கம்மா?"

காட்டினேன். அம்மாவுக்குப் பக்கத்தில் நித்யா என்று இருந்ததையும் படித்தார்.

"என்னய ஒங்கம்மா பக்கத்துல போடு. நாளைக்குக் கத்தரி வருது. அவ கையி கத்தரிய மடக்காது. நான் வெட்டுனா அவ சாக்கு புடிச்சிக்குவா. ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் கேங்கைச் சொல்கிறார். எனக்கு அப்போதும் திரைதான் தெரிந்தது. இதில் ஆறுக்கு மேல் போட முடியாது அக்கா என்றேன்.

"அதுலதான முடியாது. பேப்பருல முடியுமில்ல. எழுது."

எழுதினேன். பட்டியலில் பிழை செய்தவள் நான் என்பது முதல் வரி. மூன்றாவது கேங், ராசாத்தி இருக்கும் கேங்: 7. எண்ணால் மட்டும் போட்டால் யாராவது திருத்திவிடுவார்கள் என்றார் அக்கா. அடைப்புக்குறி போட்டு எழுத்தாலும் எழுதினேன். ஏழு.