கிரீடத்தோடு சிலுவை போட்ட ராஜா

மோட்சத்திலும் யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் என் செல்ல அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம், அப்பா! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் கதாநாயகனாக நடித்த அந்த ஒரே படம் கிடைத்துவிட்டது. அதுவும் எங்கே? கல்யாணமாகி வந்த நாளாக நான் குடித்தனம் நடத்தும் இந்தப் புனேயிலேயே!

இங்கே தேஹு ரோட்டில் நம் மாதா கோயில் சனங்களுக்கு நான் யாரென்று உங்களுக்குத் தெரியுமே. 'டாக்டர் மகள்'. டிவியில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். நீங்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றுவீர்கள், கதாநாயகியின் அண்ணன் தோளில் தட்டுவீர்கள், வெளியே போய்விடுவீர்கள். அதோடு உங்கள் பங்கு முடிந்தது. "எங்கப்பா ஒரு படத்தில் ராஜாவாகவே நடித்திருக்கிறார்" என்று நான் சொன்னால் என் கொழுந்தனார் சேவியருக்குச் சிரிப்புத் தாங்காது. "படம் எங்க மதினி? ஒரு போட்டோவாவது காட்டுங்களேன்!"

என்னத்தைக் காட்ட? படம் ஓடவில்லை. கம்பெனியும் மூடிவிட்டது. நீங்களோ வாய் திறந்து பெருமை பேசும் ஆள் இல்லை. உங்களை அடக்கம் செய்த அன்றுகூட ஒருவர் 'சின்னச் சின்ன வேஷங்களில் நடித்தவர்' என்றுதான் பேசினார். அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த ஊரில் பழைய படச்சுருள்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸின் தகரப் பெட்டிகளில் பெயர் தெரியாத தமிழ்ப் படம் ஒன்று அங்கே வந்து சேர்ந்ததாம். நடிகர்கள் பெயர் ஓடும் முதல் சுருளைக் காணோம். அங்கே வேலை பார்க்கும் அனகா என்ற மராத்திப் பெண் மகர்பட்டாவில் என் மகள் ரீனாவுக்கு அடுத்த வீடு. வசனத்தைக் கேட்டுக் கதை சொல்ல ஒரு தமிழ் ஆள் வேண்டுமென்று ரீனாவிடம் கேட்டிருக்கிறாள். உங்கள் பேத்தியின் தமிழ்தான் தெரியுமே! "மம்மி, ஏதோ ராஜா பிக்சராம். நீ ஏக் பார், ஒரே தடவை, வந்து பாரு நா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

திரையில் ஒரு ராஜா. தலையில் கிரீடம், காதுவரை மீசை, முகம் நிறையப் பவுடர். சொன்னால் நம்புவீர்களா, சொந்த மகளுக்கே அடையாளம் தெரியவில்லை! குரல் உங்களுடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒலி அவ்வளவு கரகரப்பு. "எங்கப்பாவாக இருக்கலாம்" என்று இழுத்தேன். அனகா இந்தியில் சொன்னாள்: "இருக்கலாம்னா போதாது ஆன்ட்டி. ஒரு பழைய பத்திரிகையில் இதே மாதிரிக் கதைக்கு வேறு ஹீரோ பேர் போட்டிருக்கிறார்கள். பக்காவாகத் தெரிய வேண்டும்."

அப்போதுதான் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை நினைவுக்கு வந்தது. காட்டில் அலைந்த ராஜா வேடன் குடிசையில் சாப்பிட உட்காரும் காட்சி. காலையிலிருந்து உங்களைப் பட்டினி போட்டிருந்தார்களாமே? "எலையில சோத்தப் பாத்தாவளோ இல்லையோ, ஒங்கப்பா கை தன்னால நெத்திக்குப் போயிட்டு. பட்டை பட்டையா விபூதி பூசின ராஜா, பிதா சுதன் போட்டுட்டாவல்லா!" என்பாள். அதை வெட்டினார்களா, அப்படியே விட்டார்களா என்று அவளுக்கும் தெரியாது. படம் வந்தபோது நான் அவள் வயிற்றில் இருந்தேனே, கொட்டகைக்கு எப்படிப் போவாள்?

நான் அனகாவிடம் அடித்துச் சொன்னேன்: "பார்த்துக்கொண்டே இரு. இவர் என் அப்பா என்றால், சாப்பிடும் முன்னால் சிலுவை அடையாளம் போடுவார்."

"இந்த ராஜாவா, ஆன்ட்டி?" என்று அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வேடன் வந்தான், இலை வந்தது, சோறு வந்தது. வெட்டித் தொலைத்திருந்தால் என்ன செய்வேன்? ராஜா வாளைக் கழற்றிக் கீழே வைத்தார். வலது கை எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். அப்புறம்தான் முதல் கவளம்!

"அரே தேவா!" என்று அனகா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். அந்த நொடியில்தான் பவுடருக்கு அடியில் உங்கள் முகம் எனக்குத் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கேயே அரங்கத்தில் படத்தைத் திரையிட்டார்கள். பூசை முடிந்த கையோடு நம் கோயில் சனம் முழுக்க லோக்கல் ரயில் ஏறி வந்துவிட்டது. மராத்திக்காரர்கள் பாதி, நாம் பாதி. குதிரையில் வந்தீர்கள், வாள் சுழற்றினீர்கள். யப்பா, என்ன கம்பீரம்! காதல் காட்சியில் மட்டும் கொஞ்சம் விறைப்பு, அம்மாவுக்குப் பயந்திருப்பீர்கள். உங்கள் கை நெற்றிக்குப் போனதும், யார் தொடங்கினார்களோ தெரியாது, நம் சனம் மொத்தமும் ஒரே குரலில் "ஆமென்!" என்றது. அரங்கமே அதிரச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மதினி, இனி ஒங்கள டாக்டர் மகள்னு கூப்பிட்டா என் நாக்கு அழுகிப்போவும்" என்றார். எனக்கு அது போதும்.

புதுப் பிரதிக்குத் தலைப்பு எழுத்துகள் சேர்க்கிறார்கள். "அப்பா பேர் மற்ற படங்களில் எப்படி வரும் ஆன்ட்டி?" என்று அனகா கேட்டாள். எனக்கு இருந்த பழைய எரிச்சலில், "மற்றும் பலர்" என்றேன். தமிழ் தெரியாதவள், "நல்ல பேர்" என்று சொல்லி எழுதியே வைத்துக்கொண்டாள்! நேற்றுப் போனால், கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் ஆசையாகக் காட்டுகிறாள்: கதாநாயகன், மற்றும் பலர். சிரித்து மாளவில்லை எனக்கு. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வாழ்நாளெல்லாம் திரையில் அதுதானே அப்பா உங்கள் பெயர்?

அர்த்தத்தைச் சொன்னதும் அனகா அதை அழித்தாள். நான் தொட்டுக் காட்டக் காட்ட, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் அடித்தாள். சவரிமுத்து. திரை நிறைய அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது, பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

அடுத்துப் படம் நம் தூத்துக்குடிக்குப் போகிறது, நானும் போகிறேன். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அந்தப் பெயர் திரையில் விழும்போது கேட்கும் முதல் விசில் என்னுடையதாக இருக்கும். இந்த வயதில் இவளுக்கு எங்கே விசில் வரும் என்றுதானே சிரிக்கிறீர்கள்? ரீனா சொல்லித் தருகிறாள். இன்று காலையில் காற்றோடு கொஞ்சம் சத்தமும் வந்தது.

கதாநாயகன் சவரிமுத்துவின் மூத்த மகள்,
பிலோமினா