படிக்கல் சரியாகத்தான் இருந்தது

ஜூன் 4

காலையில் எழுந்ததும் போனைப் பார்த்தேன். ஒரு நாணயம், ஒரு டாலர். நேற்றும் அதே, போன மாதமும் அதே. வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவன் நான். அளவு மாறாத பொருளைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

டாலரோடு விலை கட்டிப்போட்ட இந்த இணைய நாணயத்தை, ஸ்டேபிள்காயினை, எனக்கு அறிமுகப்படுத்தியது மச்சினன்தான். குடியிருப்புச் சங்கத்துக்குப் பொருளாளர் ஆன கையோடு, லிப்ட் நிதி முழுவதையும் இதில் மாற்றி ஒரு கம்பெனியில் வட்டிக்குப் போட்டேன். வங்கி தருவதைவிட மூன்று மடங்கு வட்டி. வருடக் கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் அசத்த வேண்டும். அதுவரை மூச்சு விடப் போவதில்லை.

ஜூன் 9

லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. மோட்டாரும் கம்பிக் கயிறும் போச்சு என்றார் மெக்கானிக். செயலாளர் - எதற்கெடுத்தாலும் விதியைக் காட்டுவதால் எங்களுக்கு அவர் 'சட்டம்' - "அதுக்குத்தானே நிதி இருக்கு, அட்வான்ஸ் குடுத்துடுங்க" என்றார். தோரணையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 10

பணம் எடுக்கும் பட்டனை அமுக்கினால், 'தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்கிறது. நாணயத்தின் விலை? ஒரு டாலர். இம்மியும் அசையவில்லை. ரெண்டு நாளில் சரியாகிவிடும் மாமா என்கிறான் மச்சினன்.

ஜூன் 13

ஆகவில்லை.

ஜூன் 15

நாலாம் மாடி டீச்சரின் கணவர் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இன்று வீட்டுக்கு வந்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். முதல் திருப்பத்திலேயே இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அவர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் கனமான உடம்பு தம்பி, தப்பா நினைக்காதீங்க என்று. அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீடு தரைத்தளம். லிப்டின் தேவையே எனக்கு இருந்ததில்லை.

"மோட்டார் எப்ப சார் வரும்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆர்டர் போட்டாச்சு டீச்சர்" என்றேன். சொல்லும்போது நாக்கு கூசவில்லை. இப்போது எழுதக் கை கூசுகிறது.

ஜூன் 17

மச்சினனை உட்கார வைத்துக் கேட்டேன், இந்த வட்டியை யாருடா கொடுக்கிறார்கள் என்று. கம்பெனி என்றான். கம்பெனிக்கு யார் கொடுக்கிறார்கள்? தலையைச் சொறிந்தான். அவனைச் சொல்லி என்ன? போடும் முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இன்று முழுக்க உட்கார்ந்து படித்தேன். நாணயத்தை வெளியிடுபவர் ஒருவர், வட்டி தருபவர் வேறொருவர். நாணயம் சும்மா இருந்தால் வட்டி போடாது. நம்மிடம் வாங்கிய நாணயத்தைக் கம்பெனி, கடன் வாங்கிச் சூதாட்டம்போல வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் கட்டும் வட்டியில் ஒரு பங்குதான் நமக்கு வருகிறது. அவர்கள் கவிழ்ந்தால் கம்பெனி கதவைச் சாத்துகிறது. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் காப்பீடும் இதற்குக் கிடையாது. நாணயமேகூட டாலரை விட்டு நழுவிய கதைகள் உண்டாம். ஆக, நான் சேமித்து வைக்கவில்லை. முகம் தெரியாதவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஊரார் காசை. வங்கியைவிட மூன்று மடங்கு எதற்காகக் கொடுக்கிறான் என்று அன்றைக்கே உறைக்க வேண்டாமா?

தினமும் காலையில் விலையைத்தானே சரிபார்த்தேன்! படிக்கல் சரியாக இருந்தால் கடைக்காரனும் யோக்கியன் என்று நம்பிய ஆய்வாளன். வெட்கக்கேடு.

ஜூன் 18

டீச்சர் படியிறங்கும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

ஜூன் 20

மனைவியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"காசு போனா சம்பாதிக்கலாம். ஆர்டர் போட்டாச்சுன்னு சொன்னீங்களே, அதை எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?" என்றாள்.

மகளைப் பார்க்கப் போவதற்காகச் சேர்த்த டெபாசிட்டை மோட்டாருக்காக உடைக்கலாம் என்றது அவள்தான். மோட்டார் வந்து சேர ஒரு மாதமாவது ஆகும், அதுவரை டீச்சர் வீட்டுக்காரர் கீழே நம் வீட்டில் இருக்கட்டும், நாம் மேலே அவர்கள் வீட்டுக்குப் போவோம் என்றதும் அவள்தான். எனக்கு எதுவுமே தோன்றவில்லை பார்.

ஜூன் 22

கூட்டம். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், மோட்டார் செலவு என்னுடையது, அதுவரை வீடு மாற்றிக்கொள்வோம் என்பதையும். சட்டம் விதியைப் படித்தார், பொருளாளர் பதவி போனது. இது எதுவும் வலிக்கவில்லை. டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கு எங்கிட்ட சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

அவர் எழுந்து மேலே போய்விட்டார். எத்தனை பேர் முன்னால்... செத்துப் போயிருக்கலாம்.

ஜூன் 25

வீடு மாறிவிட்டோம். டீச்சர் சாவியை என் மனைவி கையில் கொடுத்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஜூலை 8

அரிசி மூட்டையோடு ஏறினேன். அதே முதல் திருப்பத்தில் மூட்டையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டேன். தூக்கிக்கொண்டு ஏறியவர்களின் மூச்சு இப்போதுதான் புரிகிறது.

ஜூலை 19

கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது. விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறதாம், கிடைத்தால் ஒரு பகுதி கிடைக்குமாம். நாணயம் இன்றும் ஒரு டாலர்தான்.

ஜூலை 30

லிப்ட் ஓடுகிறது. அவரவர் வீட்டுக்குத் திரும்புகிறோம்; காலையில் எங்கள் சாமான்களை ஆட்கள் கீழே இறக்கினார்கள். மேலே மிச்சமிருந்த இரண்டு பையை எடுக்க நான் படியில் கால் வைத்தேன். லிப்டுக்குள் இருந்த டீச்சர் கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"படியில ஏன் சார்? ஏறுங்க. உங்க வீட்டுக் காசுதான் ஓடுது."

ஏறினேன். உள்ளே புதுத் தகடு, ஆறு பேர் வரை தாங்கும் என்று. பழக்கதோஷம், படித்தேன். பிறகு, "இதை யார் சோதிச்சாங்களாம் டீச்சர்?" என்று கேட்டேன்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "லிப்ட் ஆய்வாளர் வந்தப்ப நானே பக்கத்துல நின்னு கேட்டேன் சார். சான்றிதழ் சட்டத்துக்கிட்ட இருக்கு" என்றார். நாலாம் மாடி வரும்வரை இருவரும் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.