முழங்கால் கட்டோடு ஒரு ஜூடோ சங்கம்

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், வீடு சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. போனில் கேட்டால் "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" என்பார், நம்பாதே. நான் பேசினாலும் பக்கத்திலேயே நின்று ஒட்டுக் கேட்கிறார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரித்த அன்றே டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார், இனி ஜூடோ மெத்தையில் கால் வைக்கக் கூடாது, மறுபடி முறுக்கிக்கொண்டால் ஆயுசுக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்க வேண்டும் என்று. இவரும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் யாருக்கோ போன் போட்டு "கூடம் எவ்வளவு அகலம்?" என்று கேட்கிறார். அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. உனக்குத் தெரியாததா, இந்தப் பக்கத்தில் ஜூடோ என்றால் தின்பதா உடுப்பதா என்று கேட்ட காலத்திலேயே பஸ் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன மனுஷன். ரயில் பணிமனை ஊரில் ஒரு சங்கம், துறைமுகத்து ஊரில் மீன் கிடங்கில் ஒரு சங்கம். அந்த நாற்றம் பிடித்த மெத்தைகளை மாடியில் போட்டுத் தேய்த்துக் கழுவியது யார், நான். ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆளைத் தேற்றி, அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். இப்போது எல்லாம் தானாக நடக்கிறது, உட்கார்ந்து பெருமைப்படலாம் இல்லையா. உட்கார மாட்டார்.

இப்போது பிடித்திருப்பது தையல் ஆலை ஊர். இரவு ஷிப்டு முடிந்து இருட்டில் பஸ்ஸுக்கு நடந்த பெண்களை யாரோ வழிமறித்துப் பையைப் பிடுங்கி, ஒருத்தியைத் தள்ளித் தோள்பட்டையை உடைத்துவிட்டார்கள். ஆலையின் மேற்பார்வை அம்மாள் இவரைக் கூப்பிட்டு "எங்க பொண்ணுங்களுக்குக் கத்துக் குடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார். நல்ல காரியம்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணிமனை ஊர்ச் சங்கத்தை நடத்துகிறாரே பூட்டுக்காரர், அவரை அனுப்புங்கள் என்றேன். "முதல் நாள் நான் இருக்கணும்" என்று ஒரே பிடிவாதம். நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, பூட்டுக்காரரையும் வரச் சொல்லிவிட்டு, காவலுக்கு நானும் கூடவே போனேன்.

போய்ப் பார்த்தால், துணி மூட்டை அடுக்கும் கூடத்தில் மெத்தை விரித்திருக்கிறது, பெண்களெல்லாம் சுவரோடு சுவராக நிற்கிறார்கள். ஒருத்தியும் செருப்பைக் கழற்றவில்லை. பூட்டுக்காரர் ஆள் இரட்டைக் கதவு அகலம், அவரைப் பார்த்ததும் இன்னும் ஒடுங்கிவிட்டார்கள். தோளில் கட்டுப் போட்டிருந்த அந்தப் பெண் "இவரு எங்களைத் தூக்கிப் போடுவாரா? ஒரு தடவை விழுந்ததே போதும்" என்றாள். மேற்பார்வை அம்மாளின் முகம் சுண்டிப்போனது. உடனே உன் அப்பா எழுந்து, "முதல்ல விழத்தான் சொல்லித் தருவேன், இப்பப் பாருங்க" என்று மெத்தையைப் பார்த்து நடக்கிறார். அந்த முழங்காலோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் "நீங்க போய் உட்காருங்க, நான் விழறேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

செருப்பைக் கழற்றினேன், வேறு என்ன செய்ய. முகவாயை நெஞ்சோடு சேர், முதுகை உருட்டு, கையால் மெத்தையை அறை என்று இவர் நாற்காலியில் இருந்தபடி அதிகாரம் பண்ணுகிறார். முதலில் சாக்கு மூட்டை மாதிரி விழுந்தேன், இடுப்பு விண்ணென்றது. "இன்னொரு தடவை" என்கிறார், ஈவிரக்கமில்லாமல். திட்டிக்கொண்டே விழுந்துகொண்டிருந்தேன், எப்போதோ ஒரு தடவை கை சரியாக அறைந்து, வலிக்கவே இல்லை. நிமிர்ந்தால் அந்தப் பெண் மெத்தை ஓரத்தில் குந்தியிருக்கிறாள். "நெசமா வலிக்கலையாம்மா?" என்றாள். முதலில் வலித்தது, இப்போது இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கப்புறம்தான் ஒவ்வொருத்தியாகச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன். நம் தெரு வரும்போது இவர் மெதுவாக, "இத்தனை ஊர்ல ஆரம்பிச்சேன், ஒரு ஊர்லயும் பொம்பளைங்க வரல. ஏன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது" என்றார். இப்போது மேற்பார்வை அம்மாள் போன் செய்தால் சாரைக் கேட்பதில்லை, அம்மா இந்த வாரம் வருவார்களா என்றுதான் கேட்கிறார். என் வீட்டு வேலையை யார் செய்வது?

நீ அவரைப் போனில் புகழ்ந்து தொலைக்காதே, அடுத்த ஊரைப் பிடித்துவிடுவார். காலை நீட்டி உட்காரச் சொல்லு, நீ சொன்னால் கேட்பார். குழந்தையின் இருமலை அலட்சியம் செய்யாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், அது போதும் எனக்கு.

இப்படிக்கு
இடுப்பு வலியுடன் உன் அம்மா

பி.கு. அங்கே ஜூடோ உடை நல்ல துணியில் கிடைக்கும் என்று பூட்டுக்காரர் சொல்கிறார். என் அளவில் ஒன்று வாங்கி அனுப்பு, இடுப்பில் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். அப்பாவிடம் மூச்சு விடாதே.