பத்தி ஏழில் நான் எழுதிய மொழி

ஆம்பூர்,
12.8.1984, ஞாயிற்றுக்கிழமை,
மாலை 4 மணி 40 நிமிடம்.

பொருள்: ரோசியின் தேர்வு விண்ணப்பம் குறித்து

என் அன்பிற்குரிய வோங் மேஸ்திரி,

நீங்கள் மறைந்து இன்றோடு நூற்று ஐம்பத்தாறு நாட்கள் ஆகின்றன. இதற்குமுன் இரண்டு கடிதங்களைத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க முடியாது. நேற்று காலை 11.20 மணித் தபாலில் ரோசியின் தேர்வு முடிவு என் முகவரிக்கு வந்துவிட்டது. உறையைப் பிரிக்கவில்லை. நீங்கள் செதுக்கிய ஷூ அச்சுக்கட்டை ஒன்றை அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1971 ஜூன் மாதம் கல்கத்தாவிலிருந்து ஆம்பூருக்கு வந்த சீனத் தச்சர் நீங்கள். ஷூ தொழிற்சாலைக்குக் கால்வடிவ அச்சுக்கட்டைகள் செதுக்கினீர்கள். மனைவியை இழந்தவர், ஒரே மகள் ரோசி. நான் பக்கத்து வீட்டுத் தமிழாசிரியன். முப்பத்தொரு ஆண்டுகள், ‘போய்ட்டான்’ என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்புக் கோடிட்டு அரை மதிப்பெண் குறைத்தவன்.

“சார், நீங்க பேசற தமிழ்ல டீ கேட்டா, கடைக்காரன் பேஜாராயி கடையவே மூடிடுவான்” என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அந்தக் கேலியில் எனக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது என்பது அப்போது விளங்கவில்லை.

ஹாங்காங்கில் இருக்கும் உங்கள் தமக்கை, ரோசிக்கு அங்கே நர்ஸ் பயிற்சிக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். பள்ளித் தகுதித் தேர்வில் சீன மொழியிலும் அவள் தேறியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆம்பூரில் சீனம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஏது? வெளிநாட்டு வாரியம் ஒன்று சென்னையில் நடத்தும் தேர்வுக்குத் தனித்தேர்வராக விண்ணப்பித்தோம். மரச்சீவல்களுக்கு நடுவே உட்காரவைத்து நீங்களே இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தீர்கள். எழுத்துத் தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான். வாய்மொழித் தேர்வு மட்டும், சீனர் பேசும் இரு மொழிகளான கான்டனீஸிலா, மாண்டரினிலா என்று விண்ணப்பத்தின் ஏழாம் பத்தியில் குறிக்க வேண்டும்.

17.1.1984, செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில் சேர வேலூருக்குக் கிளம்பும்போது, ஒரு மரத்துண்டில் ‘கான்டனீஸ்’ என்று பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதி என் கையில் கொடுத்தீர்கள். “வூட்ல பேசறதுதான் சார் அவளுக்கு வரும். அதையே போடுங்க” என்றீர்கள்.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, நான் விண்ணப்பத்தை நிரப்பினேன். வீட்டில் பேசுவதைப் பரீட்சையில் பேசினால் யார் மதிப்பெண் போடுவார்கள் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கான்டனீஸ் என்பது பேச்சு வழக்கு, மாண்டரின் என்பது அதன் செம்மையான வடிவம் என்று நானாகவே முடிவு செய்தேன். நம் தமிழை வைத்து உங்கள் மொழியை அளந்தேன். யாரையும் கேட்கவில்லை. ஏழாம் பத்தியில், அழகான கையெழுத்தில், ‘மாண்டரின்’ என்று எழுதினேன்.

மார்ச் 9 அன்று நீங்கள் போய்விட்டீர்கள். ரோசி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜூன் 18, திங்கட்கிழமை, அவளைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர் அம்மையார் ஏதோ கேட்டார். மறுபடியும் கேட்டார். அதன்பின் அவர் குரல்தான் கேட்டதே தவிர, நம் பெண்ணின் குரல் கேட்கவேயில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு நிமிடம், மேஸ்திரி.

திரும்பும்போது, ரயில் காட்பாடியில் நின்றிருந்தது. “பெரிப்பா, அவங்க பேசனது வேற பாஷை. பாரத்துல இன்னா போட்டீங்க?” என்று கேட்டாள்.

“அப்பா சொன்னதைத்தான் போட்டேம்மா” என்றேன்.

ஆம், அப்படித்தான் சொன்னேன். பதில் பேச முடியாத உங்கள்மேல் பழியைப் போட்டேன். ஆம்பூர் வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, “அப்பாவுக்கே வித்தியாசம் தெரியல போல. பாவம்” என்றாள். மறுநாள் நீங்கள் எழுதிக்கொடுத்த நோட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டிப் பரண்மேல் போட்டாள். இன்றுவரை எடுக்கவில்லை. உங்கள் தமக்கையிடமிருந்து கடிதம் வந்தால், அந்தச் சீன எழுத்தைப் படிக்கவே கூச்சப்படுகிறாள்.

எனக்கு இந்த உறையைப் பார்த்துப் பயம்தான். அவள் தவறியிருந்தால் பயிற்சி இடம் கைவிட்டுப் போகும். மறுதேர்வுக்கு வாரியம் இணங்குமா? அதுவரை அந்த இடம் காத்திருக்குமா? ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. உறைக்குள் என்ன இருந்தாலும், தன் தகப்பன் தவறான மொழியைச் சொல்லிக்கொடுத்தான் என்று ஒரு பெண் வாழ்நாளெல்லாம் நம்பிக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொன்னால் என்னை என்னவென்று அழைப்பாள்? சொல்லாமல் விட்டால், அவள் அழைப்பதைக் காதுகொடுத்துக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவளும் என் மனைவியும் குடியாத்தத்திலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள். உறையைப் பிரிப்பதற்கு முன்பே இந்தக் கடிதத்தை ரோசி கையில் கொடுப்பேன். படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். பின்பு பள்ளி ஆண்டு மலரில் அச்சிடக் கொடுப்பேன். உங்கள்மேல் போட்ட பழியை ஊரறிய எடுக்க வேண்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. இந்த முறை நீங்கள் சொன்னபடியே செய்வேன்.

இப்படிக்கு,
நாளைக் காலை ஏழு மணி வரையிலாவது
ரோசியின் பெரியப்பா.

இணைப்புகள்:
1. விண்ணப்பத்தின் நகல். ஏழாம் பத்தியில் இருப்பது என் கையெழுத்து.
2. தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, கான்டனீஸில் மறுதேர்வு வேண்டி வாரியத்துக்கு எழுதிய கடிதம்; இன்றைய தேதியிட்டது.
3. தேர்வு முடிவு உறை ஒன்று, பிரிக்கப்படாதது.
4. நீங்கள் பென்சிலால் எழுதிக் கொடுத்த மரத்துண்டு. எழுத்து அழியவில்லை.