ஆறாவது ரிசீவர்

என் பாசமுள்ள அத்தான்,

மாரடைப்பில் நீங்கள் திடீரென்று போன பிறகு வரும் முதல் சீசன் இது. அணி தெரிவாகிவிட்டது. ரிசீவர்களைத் தெரிவு செய்தது யார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான்தான்.

ஜெர்மனியில் நீங்கள் ஆடிப் பழகிய அமெரிக்கன் ஃபுட்போலை லண்டனுக்கு வந்தும் விடவில்லை என்று எங்கள் சனம் சிரித்தது நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும், "உது என்ன, ஆளை ஆள் இடிக்கிற விளையாட்டு?" என்று கேட்பார்கள். நீங்கள் கோபிக்காமல் விளக்குவீர்கள்: ஒருவன் பந்தை எறிவான், ரிசீவர் ஓடிப்போய் அதை ஏந்துவான். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து நகரின் மறுகோடியில் இருக்கும் ஹரோ வரைக்கும் போய், அந்தச் சின்னக் கழகத்தில் பத்து வருடம் சம்பளமில்லாமல் ரிசீவர்களைப் பயிற்றுவித்தீர்கள். நான் கமராவோடு கூட வந்தேன், அவ்வளவுதான்.

அதனால்தானோ என்னவோ, தலைமைப் பயிற்சியாளர் இந்த வேலையை என்னிடம் தந்தார். ஆறு ரிசீவர்களுக்குத்தான் இடம் என்றார்.

ஐந்து பேரில் குழப்பமில்லை. ஆறாவது இடத்துக்கு இருவர். ஒருவர் கோஃபி, கானாவிலிருந்து வந்த பஸ் ஓட்டுநர். முப்பத்தைந்து வயது, வேகம் குறைவு. மற்றவன் உங்கள் மகன் டேனியல். இருபத்திரண்டு வயதில் அவனைப்போல ஓட அணியில் ஆளில்லை. உங்கள் பெயருக்காகவாவது அவனை வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

பயிற்சியில் எடுத்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பந்து வராதபோது ஆள் என்ன செய்கிறான் என்றுதானே நீங்கள் முதலில் பார்ப்பீர்கள்? பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்ததும் டேனியல் நடக்கத் தொடங்கிவிடுகிறான். கோஃபி கடைசிவரை ஓடுகிறார். பந்து வேறொருவன் கையில் இருந்தால், அவனுக்காக முன்னால் போய் எதிரணிக்காரனை மறிக்கிறார். ஒருமுறைகூட நிற்கவில்லை.

விடுபட்டவர்களுக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியதே இல்லை. வீடு தேடிப்போய், முகத்தைப் பார்த்துச் சொல்வீர்கள். கோபத்தில் கதவைச் சாத்தியவர்களும் அடுத்த வருடம் உங்களிடமே வந்தார்கள். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது, அத்தான்? உங்கள் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் நான் இருபது நிமிடம் உள்ளேயே இருந்தேன்.

டேனியல்தான் கதவைத் திறந்தான்.

"இந்த முறை உன்னை எடுக்கேல்லை, தம்பி. பந்து உனக்கு வராட்டில் நீ ஓடுறாயில்லை."

"அப்பா இருந்திருந்தா?"

"அப்பா முதல் கிழமையே சொல்லியிருப்பார். எனக்கு மூண்டு கிழமை எடுத்தது."

"எனக்குத் தெரியும் மாமா. நீங்கள் பொய் சொல்லுவீங்களோ எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவன் குரல் உடைந்தது. என்னுடையதும்தான். உள்ளேயிருந்து அக்கா, "வாசல்ல நிண்டு அழாமல் ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ. சாப்பாடு ஆறுது," என்றார்.

முதல் மேட்சில் கோஃபிக்கு ஒரு பந்துகூட வரவில்லை. ஆனால் அவர் இருவரை மறித்துத் திறந்துவிட்ட வழியால்தான் எங்கள் ஆள் ஓடிப்போய் வெற்றிப் புள்ளியை எடுத்தான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் கோஃபியின் பெயரைச் சொல்லிக் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். உங்கள் மகன்.

அடுத்த தெரிவுக்கும் வருவானாம். இடம் தருவேன் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் ஒரு வாக்குத் தருகிறேன்: அவன் கடைசிவரை ஓடினால் எடுப்பேன். ஓடாவிட்டால், இன்னொரு முறையும் அவனிடம் நானே போய்ச் சொல்லுவேன்.

உங்கள் மனைவியின் தம்பி, உங்களுக்கும் தம்பியாகவே இருந்த
சேவியர்