அரைப்பேர் போட்ட பனிமலை

சின்னக்கல் தோட்டம்,
மேல்பிரிவு, றொசல்ல.
16.2.1964, ஞாயிற்றுக்கிழமை

என் அன்புக்குரிய மச்சானுக்கு,

நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அந்தக் கையும் காலும் உடையாமல் முழுசாக இருக்க வேண்டும் என்று மாரியம்மாளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். பிள்ளை சுகம். அத்தையும் சுகம், அவருடைய குரல் முன்னைவிடச் சுகம்.

நுவரெலியாப் பக்கம் இந்த மாதம் உறைபனி விழுந்து தேயிலை கருகிவிட்டது. நம் தோட்டத்தில் ஆற்றோரப் பள்ளத்தில் மட்டும்தான் சேதம். அந்தப் பக்கம் இரண்டு நாள் கொழுந்து இல்லை, வேலையும் இல்லை. அத்தை கருகின செடியைப் பார்த்துவிட்டு வந்து, "இங்க பனி விழுந்தா வேல இல்லேங்கிறான். அங்க பனி விழுந்தாத்தான் வேலயாம். எம்மகன் தலகீழா இருக்கிற ஊருக்குல்ல போயிருக்கான்" என்றார்.

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. காலில் நீளப் பலகைகள், கையில் இரண்டு கம்புகள், கண்ணில் அந்தப் பெரிய கறுப்புக் கண்ணாடி. பிள்ளைக்காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். நம் அழகன் மட்டும் உங்களைத் தும்பி என்று சொல்லிவிட்டான். அப்பா என்று திருத்தினேன். கொஞ்சம் யோசித்து, "அப்பாத் தும்பி" என்றான். நீங்கள் புறப்பட்டபோது ஏணையில் கிடந்தவன். இப்போது அவனைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பதில் ஏன் தாமதம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கடிதத்தால் இங்கே தோட்டக் கமிட்டி கூடியது, மனு எழுதியது, தலைவர் வழுக்கி விழுந்தார். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

நீங்கள் எல்லாருக்குமாக இரண்டு தாளும் எனக்கென்று தனியாக ஒரு தாளும் வைத்திருந்தீர்கள். அந்தத் தனித் தாளை நான் யாருக்கும் படிக்கவில்லை. மற்ற இரண்டையும் அன்று மாலையே அத்தைக்குப் படித்தேன். பனியில் சறுக்கக் கற்றுக்கொடுக்கும் பரீட்சையில் உங்களோடு படித்தவர்களுக்கு முழு வாத்தியார் சான்று கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை, மார்ச் மாதம் மறுபடி பரீட்சை வைப்பார்கள், அதுவரை உதவியாளாக அரைச் சம்பளம் என்ற இடம் வரைக்கும்தான் படித்தேன். அத்தை எழுந்துவிட்டார்.

"நாள் பூரா வேல செய்றானா, இல்லையா?" என்று கேட்டார். செய்கிறார் என்றேன். "அப்ப அது அரைப்பேருதான்" என்றார். பயிற்சிக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் அத்தை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா? கொழுந்து நிறை காணவில்லை என்று அரை நாள் சம்பளம் போடுவதை அவர் ஒரு நாளும் சண்டை இல்லாமல் வாங்கியதில்லை. சுவிஸ் நாட்டில் மட்டும் விடுவாரா?

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேச்சு தொடங்கியது. கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் உங்களுக்கு வெள்ளைக்காரன் அரைப்பேர் போட்டுவிட்டான் என்று மேல்பிரிவு முழுக்கத் தெரிந்தது. கீழ்ப்பிரிவுக்குப் போய்ச் சேரும்போது உங்களுக்குச் சோறே போடுவதில்லை என்று ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சங்கத் தலைவர் வீரய்யா நம் காம்பராவுக்கே வந்து, "நம்ம புள்ளைக்கு எந்த மலையில அரைப்பேரு போட்டாலும் அது நம்ம மலதான் ஆயா. பாஸ்போட்டுக்கு கந்தோரு கந்தோரா நடந்தவன் நானு. சும்மா உட்டுருவனா?" என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞானரட்ணம் மாஸ்டர் இங்கிலீசில் மனு எழுதினார். சறுக்குப் பள்ளிக்கூடத்துத் துரை உடனடியாக முழுப்பேர் போட வேண்டும், தவறினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்ததாம். என்ன நடவடிக்கை என்று மாஸ்டரைக் கேட்டேன். அதை இன்னும் யோசிக்கவில்லை என்றார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். ஒன்றுதான் குறை. உங்கள் விலாசம் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

என் யோசனை வேறு மாதிரி ஓடியது, மச்சான். நீங்கள்தான் எங்களுக்குக் குறை எழுதி மனுப் போடச் சொன்னீர்கள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தார் நினைத்தால்? மார்ச் பரீட்சைக்குக் கூப்பிடாமலே விட்டுவிட்டால்? உங்கள் கடித உறையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்று காலை கமிட்டி கூடிய கோயிலடிக்குப் போனேன்.

கூட்டத்தில் பெண்கள் நிற்கும் இடத்தில்தான் நின்றேன். தலைவர், அட்டன் சங்கக் கந்தோருக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டும் சப்பாத்துமாக வந்திருந்தார். "விலாசத்தக் குடு தாயி" என்றார். கொடுக்க மாட்டேன் தலைவரே என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அத்தை திரும்பிப் பார்த்து, "இது யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். உங்கள் வீட்டுப் பெண்தான், அத்தை, அதனால்தான் பயமில்லாமல் பேசுகிறேன் என்றேன். கூட்டம் சிரித்தது. அத்தைக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு உங்கள் கடிதத்தில் அவர் கேட்காமல் எழுந்துபோன மீதியைப் படித்தேன். நீங்கள் சறுக்கிக் காட்டியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படிக்க வந்தவர் சாயப் போகிறார் என்றாலே பாய்ந்து போய்க் கையைப் பிடித்துவிடுகிறீர்கள். பிடிக்காதே என்று சொல்லியும் மறுபடி பிடித்தீர்கள். இவரிடம் படிக்கிறவர் விழவும் மாட்டார், கற்றுக்கொள்ளவும் மாட்டார் என்று பரீட்சைத் துரை எழுதிவிட்டார்.

முதலில் அத்தைதான் பேசினார். "விழுறவளப் புடிக்காம நிக்கிறதுக்கு ஒரு படிப்பா? மிசினு பூட்ட வந்த எஞ்சினியர் தொரையோட தொரசாணி, சிவனொளிபாத மலையில எறங்க முடியாம உக்காந்து அழுதிச்சு. அடிவாரத்து நல்லதண்ணி வரைக்கும் கையப் புடிச்சு எறக்கியாந்தான் எம்மகன். அதுக்காகத்தானே அவுங்க ஓட்டல்ல வேல குடுத்து கூட்டிட்டுப் போயி, இந்தச் சறுக்குப் பள்ளிக்கூடத்துலயும் சேத்து உட்டாங்க? அன்னிக்கிக் கையப் புடிச்சது புண்ணியம், இன்னிக்கிப் புடிச்சது குத்தமா?"

நியாயமான கேள்விதான். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிடிக்க வேண்டும் என்று பாதிப் பேர், பிடிக்கக் கூடாது என்று பாதிப் பேர். மனு என்ற ஒன்று இருப்பதையே மறந்து சத்தம் போட்டார்கள். அப்போது ராசம்மா அக்கா, "என்னயக் கேளுங்க" என்று முன்னுக்கு வந்தார்.

"மொதமொத நெட்டு மலைக்கு கொழுந்துக்குப் போனன்னிக்கு முதுகுல கூடை, காலு நிக்கல. எங்க சின்னாத்தா கையக் குடுத்தாளா? கீழ போயி நின்னுக்கிட்டு, வெத்தல மென்னுக்கிட்டு, விழுந்தா எம்மேலதான்டி விழுவே, வாடின்னா. இன்னி வரைக்கும் நான் அவள மன்னிக்கல" என்றார். விழுந்தாயா என்று யாரோ கேட்டார்கள். "எங்க விழுறது? கோவத்துலயே எறங்கிட்டேன்" என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை.

தலைவர் சிரிக்கவில்லை. அது கொழுந்து மலை, இது பனிமலை, இரண்டும் ஒன்றாகுமா என்று கேட்டார். ராசம்மா அக்கா சும்மா இருப்பாரா? "பனி இல்லாட்டி என்ன? கோயிலுக்குப் பின்னுக்கு புல்லுச் சரிவு நனஞ்சு கெடக்கு. தலைவருதான் சப்பாத்து போட்டிருக்காரே. எறங்கிக் காட்டட்டும்" என்றார். தலைவர் மறுத்திருப்பார். அதற்குள் ஆம்பளைகளே கை தட்டிவிட்டார்கள்.

முதலில் அத்தையின் முறைப்படி நடந்தது. அத்தை தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இறங்கினார். நான் மேலே நின்று கவனித்தேன். கை கிடைத்ததும் தலைவர் தன் காலை மறந்துவிட்டார், மச்சான். கண் அத்தையின் முகத்தில், பாரம் எல்லாம் அத்தையின் தோளில். நாலு எட்டு வைத்திருக்க மாட்டார்கள். இருவரும் உட்கார்ந்தபடியே கீழே போனார்கள். அத்தை போகும்போதே, "உடாத தம்பி, உடாத" என்று கத்திக்கொண்டு போனார். ஒருவருக்கும் அடியில்லை. தலைவரின் கோட்டு மட்டும் பழைய நிறத்தில் இல்லை.

அடுத்தது என் முறை. நான் அவருக்குக் கீழே போய் நின்றேன். கையை நீட்டவில்லை. வாங்க தலைவரே, நான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கனம் உங்களுக்குத் தெரியும், காலை அகட்டி ஊன்றிக்கொண்டேன். அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓர் எட்டு வைத்தார். ஒவ்வோர் எட்டுக்கும் ராசம்மா அக்காவின் சின்னாத்தாவை ஒரு வார்த்தை திட்டினார். ஒருமுறை சாய்ந்தார். என் கை தானாக எழுந்தது. உங்கள் கை ஏன் நிற்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். அவர் தானாக நிமிர்ந்தார். கீழே வந்து சேர்ந்தார்.

வந்ததும் திரும்பி, தான் இறங்கிய சரிவைப் பார்த்தார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை தீபாவளிக்கும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. யாரும் சொல்லாமலே மறுபடி மேலே ஏறினார். "இன்னொருக்கா" என்றார். அதற்குப் பிறகு கூட்டம் எங்கே நடந்தது? மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா சத்தம் கேட்டு என்ன கலவரமோ என்று வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தானும் ஒருதரம் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மனு தலைவரின் கோட்டுப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் சேற்றில் ஊறி, கைநாட்டெல்லாம் ஒன்றாகிவிட்டது. வேறு எழுதட்டுமா என்று மாஸ்டர் கேட்டார். "வேணாம் மாஸ்டர். சின்னராசாவுக்கு ஒரு தீர்மானம் மட்டும் எழுதுங்க" என்றார் தலைவர். கமிட்டி ஏகமனதாக நிறைவேற்றியது இதுதான்: தம்பி சின்னராசா இனிமேல் பரீட்சையில் யார் கையையும் பிடிக்கக் கூடாது, கீழே போய் நிற்க வேண்டும். ஏகமனதாக என்பதற்கு அத்தை ஆட்சேபம் தெரிவித்தார். அவர் உங்களுக்குத் தனியாகச் சொல்லச் சொன்னது: "கீழயே நிக்கட்டும். ஆனா கைய மட்டும் ரெடியா வச்சிக்கச் சொல்லு."

மச்சான், உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தத் துரைசாணியை நல்லதண்ணி வரை கையைப் பிடித்து இறக்கினீர்கள். நீங்கள் அந்த ஊருக்குப் போன பிறகு அவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார், பின்னால் எழுதியிருந்ததை மாஸ்டர் படித்துச் சொன்னார். இன்றைக்கும் தனியாக ஒரு படி இறங்கப் பயம் என்று எழுதியிருந்தார். அப்போது அதை நான் நன்றி என்று மட்டும் நினைத்தேன்.

இனி உங்கள் தனித் தாள். குளிர் எலும்பைத் தின்கிறது, பேச ஒரு தமிழ் ஆள் இல்லை, பரீட்சையும் போயிற்று, நீ ஒரு வார்த்தை எழுது, அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். செவ்வாய்க்கிழமையே அந்த வார்த்தையை எழுதிவிட்டேன். தபாலில் போடாமல் அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அதை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று கோயிலடியிலிருந்து வந்ததும் அதைக் கிழித்துவிட்டேன்.

காலில் பலகை கட்டிக்கொண்டு பனியில் இறங்க வெள்ளைக்காரருக்கே கற்றுக்கொடுக்கும் வேலை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று முந்தின கடிதங்களின் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. மார்ச் பரீட்சைக்குப் போய் நில்லுங்கள். அதுவரை நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். கோபிக்காதீர்கள். தேறினாலும் தேறாவிட்டாலும், மாரியம்மா துணையிருக்க, நீங்கள் எந்த நாள் எந்த ரயிலில் வந்தாலும், இறங்குகிற இடத்தில் நானும் பிள்ளையும் நிற்போம்.

உங்களைப் பார்த்தபடியே இருக்கும்,
நாகலெட்சுமி